மாமனுக்குரிய முதல் துண்டு

களுவாஞ்சிக்குடியில் எழுதுவினைஞராக இருந்த நல்லரத்தினம், பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். தம் மகள் கண்ணகைக்கு மூன்று வயது நிறைந்த அன்று, தம் வீட்டுக் கூடத்தில், அயலவர் பார்த்திருக்க, அவர் அந்தப் பெயரை இழந்தார்.

தம் வீடு என்பது பேச்சுக்குத்தான். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது; மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகே அண்ணன்மார் தம் கலியாணத்தை நினைப்பார்கள். நல்லரத்தினத்தின் மனைவி இராசாத்திக்கு ஒரே அண்ணன் கோணாமலை. இரண்டு சோடி எருமையை விற்று, கல்லும் மண்ணும் தானே சுமந்து அவர் அந்த வீட்டைக் கட்டி முடித்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இராணுவம். மேற்கே படுவான்கரையில் இயக்கம். அக்கரையிலிருந்து வருபவனை இக்கரை ஐயுற்றது; இக்கரையிலிருந்து போகிறவனை அக்கரை ஐயுற்றது. எழுவான்கரையில் ஒவ்வொரு வீட்டிலும், குடியிருப்போரின் பெயர்களை எழுதி முகாமில் ஒப்பமிட்ட பட்டியலொன்று கதவுக்குப் பின்னால் தொங்கியது. பட்டியலில் இல்லாத ஆள் வீட்டில் அகப்பட்டால் வீட்டுக்காரனே பதில் சொல்ல வேண்டும்.

அப்படியிருந்தும், படுவான்கரையில் வயல் செய்துகொண்டிருந்த கோணாமலை பிற்பகல் தோணியில் வந்துவிட்டார். ஒரு கையில் தயிர்ச் சட்டி, மறு கையில் உயிரோடு துள்ளும் நான்கு விரால்கள். பிறந்தநாளில் தாய்மாமன் பிள்ளையை மடியில் இருத்தி முதல் வாய் ஊட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம். அதை விடுவதற்கு அவர் ஆயத்தமாக இல்லை.

மணற்சட்டியில் வைத்து, மேலும் கீழும் தணலிட்டு இராசாத்தி சுட்ட கேக்கை அவர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது கேக்கா, செங்கல்லா புள்ள? செங்கல்லெண்டா இப்பவே சொல்லு, பின்வளவுக்கு மதில் கட்டிருவன்."

"போங்கண்ணன்! மாவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மீனை வைங்க, நான் வெட்டுறன்."

"பட்டுச்சீலையோட விரால் வெட்டப் போறியா? போய்ப் புள்ளைக்குச் சட்டையப் போடு. மச்சானையும் கூப்பிடாத. அவர்ர கைக்குப் பேனைதான் சரி. விரால் வழுக்கிப் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்லரத்தினமும் சிரித்தார். கோணாமலை சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குந்தினார்.

மாலை நான்கு மணியிருக்கும். அயல்வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூடம் நிறைந்திருந்தார்கள். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. "மாமா வரட்டும்" என்று கண்ணகை அப்போதே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் வாசற்படலை திறந்தது. ரோந்து வந்த படையினர் நால்வர்; அவர்களுக்கு முன்னால் இளவயது அதிகாரி ஒருவர்.

"ஏன் இவ்வளவு ஆள்?" என்று அதிகாரி தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"பிறந்தநாள், சேர். மகளுக்கு," என்றார் நல்லரத்தினம்.

அதிகாரி பட்டியலை வாசித்தார். அயலவரை ஒவ்வொருவராகக் கேட்டு முடித்தார். பிறகு பின்கதவால் எட்டிப் பார்த்தார். கிணற்றடியில் செதில் ஒட்டிய கைகளோடு கோணாமலை எழுந்து நின்றார்.

"இது யாரு?"

வாவி நண்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடிபட்ட காலைக் கழற்றிப் போட்டுவிட்டு வளைக்குள் ஓடிவிடும். இழந்த கால் அதற்கு மீண்டும் முளைக்கும் என்பார்கள். நண்டுக்கு அது சரி.

"மீன் கொண்டு வந்தவன், சேர்," என்றார் நல்லரத்தினம். "எங்கட ஆளில்ல."

அந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய கை எதுவென்று அறிந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இராசாத்தி மட்டும் குனியவில்லை. அவள் கணவனையே பார்த்தாள்.

அதிகாரி கிணற்றடியைப் பார்த்துக் கேட்டார்: "மீன்காரனா?"

கோணாமலையின் கண்கள் ஒரு கணம் நல்லரத்தினத்தின் மேல் நின்றன.

"ஓம் ஐயா. மீன்காரன்தான்."

"மீன் குடுத்தாச்சு தானே? அப்ப போ."

கோணாமலை கைகளைக் கூடக் கழுவவில்லை. வேலியோரமாக நடந்து படலையைக் கடந்து போனார். "மாமா!" என்று கண்ணகை கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பொய் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அச்சம் ஒருவரை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு அளவில்லை. ஒருவரும் கேளாமலே நல்லரத்தினம் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டி, முதல் துண்டை அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி மகிழ்ந்துபோனார். அதில் ஒரு சிறுபகுதியைப் பிய்த்து, திறந்திருந்த பிள்ளையின் வாயில் ஊட்டினார். கண்ணகை மென்றாள், மென்றுகொண்டே படலையைப் பார்த்தாள்.

புறப்படும்போது அதிகாரி சொன்னார்: "பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர் அந்தப் பக்கத்தில இருந்து வந்தா, பயப்பட வேணாம். முகாமுக்குக் கூட்டி வாங்க. பேர் எழுதி ஒரு நாள் நிக்கலாம். நான் விடுவன்."

அந்த நல்ல சொல் நல்லரத்தினத்தின் மேல் கொதிநீராக விழுந்தது.

அயலவர் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருவரும் கேக்குக்குக் கை நீட்டவில்லை. நல்லரத்தினம் தோணித்துறைக்கு ஓடினார். கோணாமலை ஏறிய தோணி நடு வாவியில் இருந்தது. திரும்பி வந்தபோது இராசாத்தி கிணற்றடியில் குந்தி, பட்டுச்சீலையோடு, அண்ணன் பாதியில் விட்ட விராலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இராசாத்தி…"

"அவர் சுமந்த கல்லுக்குள்ள நிண்டு சொன்னீங்களே," என்றாள் அவள், நிமிராமல். "ஒங்களுக்கு வாய் கூசல்லையா?"

மறுநாள் விடிந்ததும் நல்லரத்தினம் முதல் தோணியில் ஏறினார். 'மச்சான், என்னை மன்னிச்சிருங்க' என்ற மூன்று சொல்லை மனத்துக்குள் எழுதிக்கொண்டே போனார். ஆயிரம் கடிதம் எழுதிய கைக்கு அது ஒழுங்காக வரவில்லை.

அக்கரையில் இறங்கியதும் இயக்கப் பையன்கள் இருவர் மறித்தார்கள்.

"ஆர் நீங்க?"

"நல்லரத்தினம். களுவாஞ்சிக்குடி."

"என்ன வேலை?"

"கிளாக்கர்."

"ஓ, கவுண்மேந்து ஆள். ஆமிக்காரன் ஒங்கட வீட்டுக்க வந்து கேக் திண்டிட்டுப் போனானாமே? இப்ப என்ன பாக்க அனுப்பினவன்?"

செய்தி அவருக்கு முன்னரே வாவியைக் கடந்திருந்தது. பையன்களில் ஒருவன் அவருடைய தோளைப் பிடித்து மரநிழற் பக்கம் தள்ளினான்.

வேளாண்மை வெட்டுக்காக, நெல்லறுக்கும் தாக்கத்தியோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களிடையே கோணாமலையும் இருந்தார். அவர் நின்றார். ஒரு கணமும் யோசிக்கவில்லை. வரம்பிலிருந்து இறங்கி நேரே வந்து பையன்களுக்கும் நல்லரத்தினத்துக்கும் நடுவில் நின்றார்.

"தம்பி, கையை எடு. இது என்ட மச்சான். என்ட தங்கச்சிர புருசன்."

"அண்ணன், இவர் ஆமியோட…"

"ஆமிக்குப் பயந்த மனிசன், அவ்வளவுதான். நாம பயப்படாத ஆக்களா? எதெண்டாலும் என்னக் கேளு. நான் பொறுப்பு. என்ட பேரை எழுது."

பையன் கொப்பியைத் திறந்து பெயரை எழுதிக்கொண்டான். சுற்றி நின்ற வெட்டுக்காரர் அனைவரும் அதைக் கேட்டார்கள்.

"சாப்பிட்டீங்களா மச்சான்?" என்று கோணாமலை கேட்டார். "முகமெல்லாம் காஞ்சு கிடக்கு. வாங்க, வீட்ட பழஞ்சோறு இரிக்கி."

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். வழியெல்லாம் எழுதி வந்த மூன்று சொல்லில் ஒன்றும் வெளியே வரவில்லை. ஒற்றையடி வரம்பில் கோணாமலை முன்னே நடந்தார். பக்கத்தில் சேர்ந்து நடக்கும்படி பாதை அகன்ற இடத்திலும் நல்லரத்தினம் அவருக்குப் பின்னாலேயே நடந்தார்.