முற்றத்துக்கு அந்தப் பக்கத்துக் குளிர்

எல்லோரும் நலமா? குளிருக்கு மூட்டுவலி அதிகமாகவில்லையே? இங்கே வடக்கு டகோட்டாவில் போன வாரம் அடித்த பனிப்புயலில் நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் மகள் கிர்ஸ்டன் ஒரே மாதிரி இரண்டு அணுக் கடிகாரம் வாங்கி வந்தாள். கொலராடோவிலிருந்து ரேடியோ அலையில் நேரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கூடவே வெளியில் மாட்ட ஒரு சின்ன சென்சார். வெளிக்குளிர் எவ்வளவு என்று அது சொல்ல, கடிகாரம் காட்டும். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கும் என் கொழுந்தன் வெர்லினுக்கு. பொதுவில் இருந்த அறுவடை இயந்திரத்தை வெர்லின் கேட்காமல் விற்றதிலிருந்து என் கணவர் ஓர்லின் தம்பியோடு பேசுவதில்லை.

கடுங்குளிருக்கு லித்தியம் பேட்டரிதான் போடவேண்டும், சென்சாரைக் கடிகாரத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பழக்கிவிட்டுத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று கூட வந்த காகிதத்தில் போட்டிருந்தது.

“டிராக்டரையே பிரிச்சு மாட்டினவன்கிட்ட காகிதத்தை நீட்டுறியே, ஆர்டிஸ்!” என்றார் ஓர்லின். டார்ச்சிலிருந்த சாதா பேட்டரியை உருவிப் போட்டு வாசல் தூணில் மாட்டிவிட்டார். மறுநாள் நேரம் சரியாக வந்ததும் ஒரே பெருமை.

“பாத்தியா, கொலராடோலேர்ந்து வந்திருச்சு!”

“அவ்வளவு தூரத்துலேர்ந்து வருது. முற்றத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை வரலையே.”

“ஆரம்பிச்சிட்டியா?”

புதன்கிழமை புயல் பிடித்தது. மத்தியானம் கடிகாரத்தில் வெளிக்குளிர் மறைந்து வெறும் கோடுகள். சென்சாரைத் தேடும் பொத்தானை ஓர்லின் அமுக்கினார். 61 என்று வந்தது. எங்கள் பாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் உறைவதே 32-ல். வெளியிலோ மூக்கு உறைகிற குளிர்.

“மட்டமான சாமான்,” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 58. அப்புறம் 53. பாத்திரம் கழுவிவிட்டு வந்தால் 47.

“ஓர்லின், இது நம்ம சென்சார் இல்ல. நம்ம பேட்டரி குளிர்ல செத்துப்போச்சு. இது வெர்லினோடது.”

“அவன் வெளியில மட்டும் வசந்தகாலமா?”

“அவர் இன்னும் வெளியில மாட்டல. பழக்குறதுக்கு மேசை மேல வச்சதோட சரி. இது அவர் சமையலறை, ஓர்லின். அங்க ஹீட்டர் அணைஞ்சு கிடக்கு!”

“அணைஞ்சா மூட்டத் தெரியாதா அவனுக்கு?”

“அதத்தான் நானும் கேக்குறேன். ஏன் மூட்டல?”

நான் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

“நம்ம நம்பர்னா எடுக்க மாட்டான்,” என்றார். ஆனால் கண் கடிகாரத்தில்தான். 41.

எழுந்து பூட்ஸை மாட்டினார். வெளியே கை நீட்டினால் கை தெரியாது. கயிற்றின் ஒரு நுனியை வாசல் தூணில் கட்டினார், மறுநுனியை இடுப்பில் கட்டிக்கொண்டார். இரண்டு எட்டு வைத்ததும் ஆளைக் காணோம். கயிறு மட்டும் பனிக்குள் நகர்ந்துகொண்டே போனது. பிறகு நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தாரா, விழுந்தாரா? அவர் செல்போன் எங்கள் மேசைமேல் கிடந்தது. மறந்துவிட்டார்.

எனக்கு இருந்தது அந்தக் கடிகாரம் ஒன்றுதான். 38. 37. சட்டென்று 29.

கதவு திறந்திருக்கிறது! ஓர்லின் உள்ளே போயிருக்கிறார்.

அப்புறம் அசையவே இல்லை. 29, 29. இரண்டு உயிரும் அந்த எண்ணுக்குள் இருப்பதுபோல நான் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

30.

31 வந்தபோதுதான் அழுதேன். செத்தவனுக்காக ஓர்லின் ஹீட்டரை மூட்டமாட்டார்.

வெர்லினுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. காலையிலிருந்து தரையிலேயே கிடந்திருக்கிறார். அண்ணனைப் பார்த்ததும் முதல் பேச்சு: “கதவைச் சாத்துடா, குளிருது.”

இப்போது அவர் ஆஸ்பத்திரியில். அந்த சென்சாரை வெளியே மாட்ட நான் விடவில்லை. அங்கேயே வெர்லின் வீட்டு மேசைமேல் இருக்கிறது. ஆளில்லாத வீட்டின் எண்ணைப் பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம். உங்கள் வீட்டுக் கடிகாரம் இப்படி அடுத்த வீட்டைக் காட்டியதுண்டா? காட்டியிருந்தால் எழுதுங்கள், என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.