போடாத டை

...ஆமாம் என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதானே, கேட்டது ஒரு கேள்வி, வந்தது ஒரு பதில், நீங்க தலைக்கு டை போடுவீங்களாம்மா என்று தோல் டாக்டர் கேட்டார், ஆமா சார் என்றாள் ஜான்சி, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் சுற்றி நின்று அதைக் குறித்துக்கொண்டார்கள், அவள் புருஷன் சார்லஸ் ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டிருந்தார்... அந்த அறையை விட்டு வெளியே வந்து, களிம்பு வாங்கி, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இடம் பிடித்து, கடலூர் பஸ் வண்டிகேட் ஸ்டாப்பைத் தாண்டிய பிறகும் அந்த ஆமா வாயிலேயே நிற்கிறது. நாற்பத்து நாலு வயதில் அவள் ஒரு நாளும் டை போட்டதில்லை. அம்மா வழியில் யாருக்கும் சீக்கிரம் நரைக்காது, அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் ரத்தினம்மாள் டீச்சர் விடாமல் கேட்பாள், என்னா கம்பெனி டை டீச்சர், எங்களுக்கு சொன்னா கொறஞ்சா பூடுவீங்க என்று, அப்போதெல்லாம் ஜான்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், கர்த்தர் குடுத்த முடிங்க இது என்று பின்னலைத் தூக்கிக் காட்டுவாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு முன்பின் தெரியாத பிள்ளைகள் முன்னால் போடாத டையைப் போட்டதாக ஒத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, அதனால் பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை, ஜன்னலோரம் அவள், பக்கத்தில் சார்லஸ், வளைவு வரும்போதெல்லாம் அவருடைய இடது தோள் அவள்மேல் இடிக்கிறது, அந்தத் தோள்தான், முழங்கைக்கு மேலே உள்பக்கமாக ஆரம்பித்து நெஞ்சின் இடது பக்கம் வரைக்கும் கறுத்துத் தடித்து, சொறிந்த இடத்தில் நீர் கசிந்து... கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கீப்பர் அவர், கேட்க வேண்டுமா, கம்பெனிதான் என்றார்கள் எல்லாரும், அவளும்தான் சொன்னாள், கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறினாலும் கம்பெனி, இருமினாலும் கம்பெனி, பாதி நிஜம்தானே, அதனால் மீதிப் பாதியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவருடைய நீல யூனிஃபார்மைத் தனி வாளியில் தனி சோப்புப் போட்டு அலசினாள், மூன்று தண்ணீர் விட்டாள், பவுடரை நிறுத்தினாள், குளிக்கிற சோப்பை மாற்றினாள், வேப்பிலை அரைத்துப் பூசினாள், சாயந்தரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் முதல் வேலை அவர் கையைத் தூக்கச் சொல்லி களிம்பு தடவுவதுதான். அதை நினைத்தால்தான் இப்போது சிரிப்பு வருகிறது, சிரிப்பா அது, என்னவோ ஒன்று.

எது சேரவில்லை என்று பார்க்க, போன தடவை அவர் முதுகில் சின்னச் சின்ன மூடிகளில் மருந்து வைத்து பிளாஸ்திரி ஒட்டி, குளிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், இன்றைக்குப் பிரித்தார்கள். பேனாவால் கட்டம் போட்ட முதுகு. இது வாசனைக்குப் போடுறது, ஒண்ணுமில்ல, இது க்ரீம் கெடாம இருக்கப் போடுறது, ஒண்ணுமில்ல, இது ரப்பர்ல உள்ளது, ஒண்ணுமில்ல என்று டாக்டர் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார், ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து கொப்புளித்திருந்தது. கறுப்பு டையில் இருக்கிற மருந்து என்றார். துணிச் சாயத்துக்கும் அதற்கும் பங்காளி உறவு, சில பேருக்கு இரண்டுமே சேராது என்றார், உடனே ஜான்சி யூனிஃபார்மைச் சொன்னாள், எவ்வளவு ஆசையாகச் சொன்னாள், நீலம் சார், கம்பெனியில குடுத்தது சார்... இல்லம்மா, சட்டையா இருந்தா ரெண்டு கையிலயும் வரணும், அக்குள்ல வரணும், இது ஒரு பக்கந்தான இருக்கு என்று பேனா மூடியால் அந்தக் கறுப்பைச் சுற்றி ஒரு வட்டம் காட்டினார், ஒரு தலை வைத்துப் படுக்கிற அளவுக்கு வட்டம். போட்டுக்கிறவங்களுக்கு ஒண்ணும் செய்யாது, பக்கத்துல படுக்கிறவங்களுக்கு வந்துரும் என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். சார்லஸுக்கு டை போடத் தலையில் முடியே கிடையாது, மீசை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எல்லாரும் அவளுடைய பின்னலைப் பார்த்தார்கள்.

மகள் எழிலரசி பன்னிரண்டாவது போனதிலிருந்து ஜான்சி அவளோடுதான் படுக்கிறாள், பிள்ளை படிக்கும்போது துணைக்கு என்று ஆரம்பித்தது, பரீட்சை முடிந்து, ரிசல்ட் வந்து, எழில் கடலூரிலேயே காலேஜிலும் சேர்ந்தாகிவிட்டது, பாய் திரும்பி வரவில்லை, அவர் கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை, யார்மேல் தப்பு, யார்மேலும் இல்லை, அசதிதான். ஆக அந்தத் தோளில் இவள் தலை வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது அந்தக் கறுப்பு. இதெல்லாம் கணக்குப் போட்டா ஆமா என்றாள்? இல்லை. கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை, கண்ணாடி போட்டது, எழில் வயதுதான் இருக்கும், அது ஜான்சியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டது, அது பதிலுக்கு முன்னாலேயே இரக்கப்பட்டுவிட்டது. இல்லை என்று சொன்னால் அந்த அறையில் அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. அது வரக்கூடாது, அவ்வளவுதான், ஆமா சார்.

பி.முட்லூரில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. சார்லஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, எப்பலேந்து போடுற?"

"ரெண்டு வருசமா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே. நானும் கம்பெனிய திட்டிக்கினு இருந்தேன்."

"இத போயி என்னான்னு சொல்றது."

"உட்ரு, இனிமே போடாத. நரச்சா நரைக்கட்டும்."

நல்ல மனுஷன் பேசுகிற மாதிரிதான் பேசினார், குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, புதுச்சத்திரத்தில் ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கினார், மிளகாய்த்தூள் ஜாஸ்தியா இருக்கறத நீ எடுத்துக்க என்று நல்லதை அவளிடம் கொடுத்தார். நம்பிவிட்டாரா? நம்பினார் என்றால் இருபது வருஷமாகப் பக்கத்தில் இருக்கிற இந்தத் தலையை அவர் பார்த்ததே இல்லை, ஒரு கிண்ணம் இல்லை, ஒரு பிரஷ் இல்லை, கறை பட்ட துண்டு ஒன்று வீட்டில் இல்லை. நம்பவில்லை என்றால், இவள் பொய் சொன்னது தெரிந்தேதான் இந்த வெள்ளரிப்பிஞ்சு. இரண்டில் எது தேவலாம்... ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, நீதான் எம்பக்கத்துலயே படுக்கறதில்லியே ஜான்சி, ஒன் டை எப்படி என் தோள்ல வரும்? அந்த ஒரு வார்த்தை. மறைக்க ஒன்றுமே இல்லாத ஆம்பிளைக்கு அதுதானே முதலில் தோன்ற வேண்டும், ஆஸ்பத்திரியில் வெட்கமாக இருந்திருக்கலாம், சரி, இங்கே கேட்கலாமே, டயர் சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது. கேளுங்க, கேட்டுடுங்க, நான் பொய் சொன்னேன்னு திட்டுங்க என்று அவள் வெள்ளரியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கம் போயிற்று. செம்மங்குப்பம் நெருங்கும்போதே அந்த நெடி மூக்கில் ஏறியது, யாரோ கர்ச்சீப்பை எடுத்தார்கள், சார்லஸ் தம்முடைய கம்பெனி கேட்டைத் தலை திருப்பிப் பார்த்துவிட்டு, பாவம், வீணாப் பழிய போட்டோம் என்று சொல்லிச் சிரித்தார். அவர் கேட்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், நெடிக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

குடிகாடு தாண்டும்போது செல்போன் அடித்தது, எழில்தான், அப்பாவுக்கு என்னாம்மா சொன்னாங்க, சரியாயிடுமா என்று. ஒரு மாதத்தில் ஆறிவிடும், நீங்க அத நிறுத்துனா போதும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. அவள் நிறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை. ஆறினால், வேறு எங்கேயோ ஒன்று நின்றிருக்கிறது என்று அர்த்தம், வேறு யாரோ ஒருத்தியின் தலை அங்கே இருந்தது என்று அர்த்தம். ஆறாவிட்டால்... ஆறாவிட்டால் ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், டாக்டரே தப்பாகச் சொல்லியிருக்கலாம், இல்லை, அது இன்னும் நிற்கவில்லை என்றும் இருக்கலாம். அம்மா, லைன்ல இருக்கியா என்றாள் எழில். ஆறிடும்னு சொல்லியிருக்காங்கடி என்றாள் ஜான்சி. சார்லஸ் பக்கத்தில் களிம்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அந்தக் களிம்பை இன்றைக்கும் அவள்தான் தடவ வேண்டும், நாளைக்கும் அவள்தான், ஆனால் ஆறக்கூடாது, ஆறக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தடவப் போகிறாள்.