மாலை வருகை

காலை ஒன்பது பதினேழு. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த வருகைப் பதிவு அட்டைமேல் போனைக் காட்டினேன். பச்சை வந்தது. அந்த நொடியிலிருந்து முப்பது நிமிடம். முப்பத்தொன்றாவது நிமிடம் ஏன் என்று போன் கேட்கும்.

"எக்ஸ்பிரஸ் ரெண்டு நிமிஷம் லேட்டு," என்றார் மாஸ்டர், கட்டிலில் இருந்தபடி.

என் நடைக்கு அவர் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளை வெயிலில் நேராக நிற்க வைத்தவர். இப்போது அவர் சொல்வதை இடது கால் கேட்பதில்லை. வலது கால் காலையில் மட்டும் கொஞ்சம் கேட்கும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து நாற்காலிவரை வருவார். மதியத்துக்குப் பிறகு அதுவும் இல்லை.

போன வருடம்வரை இந்த வீட்டுக்கு இரண்டு வேளை வந்தேன். காலையில் துடைத்து உட்காரவைப்பேன். மாலையில் கழிவறைக்கும் கட்டிலுக்கும் கொண்டுபோவேன். பிறகு, எந்த வீட்டுக்கு எத்தனை வேளை என்று முடிவுசெய்யும் எங்கள் டெவலப்மென்ட் ஆபீசர் மதிப்பீடு செய்ய வந்தார். வேளைகளை வெட்டுவதால், வீட்டுப் பராமரிப்புப் பெண்கள் எங்களுக்குள் அவர் பெயர் கத்திரி. அன்றைக்கு மாஸ்டர் தேய்த்த சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, எழுந்து, ஜன்னல்வரை நடந்து காட்டினார். வெளி ஆள் யார் வந்தாலும் அவருக்கு அது அணிவகுப்பு. 'தானாக நடக்கிறார்' என்று கத்திரி எழுதினார். மாலை வருகை போனது.

அதிலிருந்து மாலையில் அம்மா மட்டும். மாஸ்டரின் மனைவி. தோள்பட்டை தேய்ந்து பாதி வாளித் தண்ணீர் தூக்க முடியாதவர். எழுப்பப் பார்ப்பார், பல நாள் முடியாது, நாற்காலியிலேயே விட்டுவிடுவார். அடுத்த நாள் காலை நான் வரும்வரை மாஸ்டர் அதிலேயே இருப்பார். இடுப்புக்குக் கீழே இரண்டு புண். ஒன்றில் என் கட்டைவிரல் நுழையும்.

மாலை வருகை திரும்ப வேண்டும் என்று ஆபீசுக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மூன்று முறையும் ஒரே பதில்: மாற்றம் தேவையில்லை.

இன்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார். டெவலப்மென்ட் ஆபீசர்கள் என்னதான் செய்கிறார்கள், அவர்கள் தேவையா என்று ஆய்வு. கத்திரியின் மதிப்பீடுகளில் ஐந்தை நேரில் பார்ப்பார். தவறாக இருந்தால் அங்கேயே திருத்துவார். இந்த வீடு மூன்றாவது. நேற்றே மாஸ்டரிடம் சொல்லிவைத்திருந்தேன்.

"அவங்க இருக்கறப்போ எந்திரிக்கவே கூடாது."

"உத்தரவா?"

"உத்தரவுதான்."

சல்யூட் அடித்தார்.

இப்போது அவர் மடியில் வெள்ளை கேன்வாஸ் ஷூ இருந்தது.

"விடிஞ்சதுலேர்ந்து ஷூ ஷூன்னு உசிர வாங்குறாரு," என்றார் அம்மா. "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு அலங்காரம் இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது, இன்றும் நடந்து காட்டப்போகிறார். துடைத்தேன். புண்ணுக்கு மருந்து வைத்தேன். ஷூவை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்தேன். கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். வாக்கர் அவர் வலது கைப்பக்கம் நின்றது. எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவுக்குப் பின்னால் வைத்து, மேலே ஈரத் துண்டைப் போட்டேன்.

அம்மா பார்த்தார். பிறகு திரும்பி ஜன்னல் திரையைச் சரிசெய்தார். திரை சரியாகத்தான் இருந்தது.

ஆய்வாளர் உட்கார மறுத்துவிட்டார். பின்னால் நின்ற கத்திரி குடையை மூலையில் சாய்த்துவிட்டுக் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

"சாயங்காலமும் ஆள் வேணும்னு எழுதியிருக்கீங்க," என்றார் ஆய்வாளர் என்னிடம்.

"ஆமா சார். இவரால தானா எந்திரிக்க முடியாது."

"நடக்கறார்னு மேடம் எழுதியிருக்காங்களே?"

"மேடம் பாத்தது ஒரு நாள் சார். நான் தினம் பாக்கறேன்."

"அன்னிக்கு நடந்தார் சார்," என்றார் கத்திரி. ஆய்வாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. மாஸ்டர் எழுந்து நின்றிருந்தார். வலது கை பக்கத்தில் துழாவியது, காற்றைப் பிடித்தது. அதை இறக்கித் தொடையோடு ஒட்டிக்கொண்டார். நடந்தார். ஆறு அடி, ஏழு அடி. ஜன்னல் கம்பியைப் பிடித்துத் திரும்பினார்.

"யாருக்கு எந்திரிக்க முடியாது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வாக்கர்கூட இல்லாம," என்றார் ஆய்வாளர், எழுதிக்கொண்டே. "பரவாயில்லையே, எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் இப்படி நடக்க மாட்டாங்க."

மாஸ்டர் சிரித்தார். கத்திரி அட்டையை விட்டுவிட்டார். வாசலில் என் பக்கம் குனிந்து, "நாளைக்கு ஆபீசுக்கு வா. பேசணும்," என்றார்.

படியில் காலடிகள் இறங்கின.

"வெக்கங்கெட்ட மனுஷன்," என்றார் அம்மா, மாஸ்டரைப் பார்த்து. "சாயங்காலம் இப்ப வந்துட்டுப் போன ஆளையே வந்து தூக்கச் சொல்லுங்க."

கம்பியைப் பிடித்த மாஸ்டரின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. நான் இரண்டடி தள்ளி இருந்தேன். மூட்டையை இறக்கியதுபோலத் தரையில் விழுந்தார். ஈரம் அவருக்கு அடியிலிருந்து பரவி வெள்ளை ஷூவைத் தொட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் போன் அதிர்ந்தது. முப்பது நிமிடம் முடிந்திருந்தது.

அம்மா கத்தினார். கதவு திறந்தது. கத்திரி, குடைக்காகத் திரும்பி வந்திருந்தார்.

கைப்பையை அப்படியே போட்டுவிட்டு மண்டியிட்டார்.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் இல்ல," என்றார் மாஸ்டர்.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"கைய இழுக்காத. அக்குளுக்குக் கீழ குடு. மூணு சொன்னதும் தூக்கு," என்றார் கத்திரி.

பதினொரு வருடம் எங்கள் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசர் ஆனார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நம்பியதில்லை. நாற்காலியில் வைக்கும்போது மாஸ்டரை ஒருபக்கமாகச் சாய்த்தார். புண்ணைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தன நாளா இருக்கு?"

"மூணு தடவ எழுதினேன் மேடம்."

கீழே கார் ஹாரன் அடித்தது. அவர் போனை எடுத்தார்.

"சார், மறுபடி மேல வர்றீங்களா? ஒண்ணத் திருத்தணும். ஆமா சார், நான் எழுதினதத்தான்."

புடவையெல்லாம் ஈரம். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"துண்டு எங்க இருக்கு?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் குளியலறைக்குள் போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. உள்ளே எதுவும் அசையவில்லை.

ஆய்வாளர் படியேறி வரும் சத்தம். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பித் திரையைப் பிடித்துக்கொண்டார்.

கத்திரி வெளியே வந்தார். ஒரு கையில் துண்டு. இன்னொரு கையில் வாக்கர்.

"இது எப்படி அங்க போச்சு?"