ஒட்டிக்கொண்ட கிளட்ச்

பல் டாக்டருக்கு அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உயிர். இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். பிசியோதெரபிஸ்டான அவர் மனைவி அதற்கு ‘சின்ன வீடு’ என்று பெயர் வைத்திருந்தாள்.

மழைக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்த காரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே எடுக்கப் போனார். இன்ஜின் சமர்த்தாகக் கிளம்பியது. கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டதுதான் தாமதம், ரம்பத்தால் தகரத்தை அறுப்பதுபோல ‘கர்ர்ர்’ என்றது. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

“கியர்பாக்ஸ் போச்சு. மொத்தமா இறக்கணும்” என்றார்.

சத்தம் கேட்டு டூத்பிரஷ்ஷோடு வந்து நின்ற மனைவி சிரித்தாள். “வர்றவங்க எல்லாருக்கும் எடுத்த எடுப்புல பல்லைப் பிடுங்கிடுவீங்களா? இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுப் போட்டுப் பாருங்க.”

ஆஃப் செய்தார். நாலு கியரும் ரிவர்சும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன.

“பாத்தீங்களா? கியர்பாக்ஸ் மேல பழி போடாதீங்க. இன்ஜின் ஓடும்போது மட்டும் கத்துதுன்னா, கிளட்ச் இன்ஜினை விடமாட்டேங்குது.”

“அப்போ ஆயில் லீக்கா இருக்கும்” என்றார் விட்டுக்கொடுக்காமல்.

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு, பழைய போர்வையை விரித்து டார்ச்சோடு காருக்கடியில் புகுந்தாள். அவர் பெடலை மிதித்தார்.

“லீக்கெல்லாம் இல்ல. கிளட்சைத் தள்ளுற கம்பி முழுசா அசையுது. உள்ள தகடுதான் ஈரத்துல ஒட்டிக்கிச்சு.”

“பிரிக்கணுமா?”

“தோள்பட்டை இறுகிப்போய் வர்றவங்களை நான் என்ன அறுத்தா பாக்குறேன்? அசைச்சு அசைச்சுதான் விடுவிக்கிறேன். ஏறுங்க.”

இன்ஜினைச் சூடாக்கி அணைத்தார்கள். கேட்டைத் திறந்து, தெரு காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மனைவியும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்ள, முதல் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினார். கிளட்சை மிதித்திருந்தும் கார் எகிறிக் குதித்துத் தெருவுக்கு ஓடியது.

“மிதிச்ச காலை எடுக்காதீங்க! ஆக்சிலேட்டரை அழுத்துங்க, விடுங்க, அழுத்துங்க!”

கார் விக்கல் எடுத்தபடி போயிற்று. நின்றால் இன்ஜினும் நின்றுவிடும் என்பதால் தெருமுனை ரவுண்டானாவைச் சுற்றினார்கள். மறுபடியும் சுற்றினார்கள். முந்தின நாள்தான் அவரிடம் பல் கட்டிக்கொண்டுபோன பெரியவர் ஒருவர் ஓரமாக நின்று, சுற்றுக்குச் சுற்று கும்பிடு போட்டார். டாக்டரால் பதிலுக்குத் தலையாட்டத்தான் முடிந்தது. விக்கலில் அது தானாகவே ஆடிக்கொண்டிருந்தது.

“மானம் போகுது” என்றார்.

“அவர் நீங்க ஊர்வலம் போறீங்கன்னு நினைச்சிருப்பார். இப்ப ஒரு பிரேக்!”

அழுத்தினார். அடியில் ‘டப்’பென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, கார் மட்டும் மெல்ல உருண்டு ஓரத்தில் நின்றது. டாக்டர் பயந்து பயந்து நியூட்ரலுக்கு வந்து, மறுபடி முதல் கியர் போட்டார். சத்தமே இல்லை. ரிவர்ஸ் போட்டார். அதுவும் விழுந்தது. அவர் கண்ணே கலங்கிவிட்டது.

“எனக்கு அப்பவே தெரியும், கிளட்ச்தான்னு” என்றார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு.

“தெரியும், தெரியும். இறங்கி இந்தப் பக்கம் வாங்க.”

வீட்டைத் தாண்டி ஊருக்கு வெளியே வரை அவள்தான் ஓட்டினாள். ஒவ்வொரு கியர் மாறும்போதும் டாக்டரின் இடது கால் தானாக அழுந்தி அழுந்தி எழுந்தது.