சும்மா வந்த படகு

கேசினோவின் உறுப்பினர் குலுக்கலில் என் கணவன் ஆரினுக்குப் படகு விழுந்தது. படகு வேண்டுமா, ஒன்பதாயிரம் டாலர் ரொக்கம் வேண்டுமா என்று மேடையில் கேட்டார்கள். பணம், பணம் என்று கீழேயிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். மற்ற எல்லாரும் படகு, படகு என்றார்கள். பள்ளி பஸ் ஓட்டியே ஓய்வு பெற்ற மனுஷன், தனக்காக யாரும் கைதட்டி அவன் கேட்டதே இல்லை. படகு என்றுவிட்டான்.

பாலைவனத்தில், வீட்டு வாசலில், அந்தப் படகுக்குள் உட்கார்ந்துதான் தினமும் காபி குடித்தான். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

ஜனவரியில் கேசினோவிலிருந்து ஒரு தாள் வந்தது. படகின் விலை பதினாலாயிரம், அது ஆரினின் வருமானம், அரசாங்கத்துக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. வரிக்கணக்கு எழுதித் தரும் லோயிஸிடம் ஓடினோம்.

"சும்மா வந்ததுக்கு எதுக்கு வரி?" என்றான் ஆரின்.

"சம்பளம்னா முன்னாடியே பிடிச்சிருப்பாங்க. இதுல பிடிக்கல, அதான் மொத்தமா கேக்கறாங்க" என்றாள் லோயிஸ்.

ஏப்ரலுக்குள் ஆயிரத்தெண்ணூறு டாலர். கையிருப்பை அப்போதுதான் ஏசி ரிப்பேர் விழுங்கியிருந்தது. படகை விற்றுவிடுங்கள் என்றாள் லோயிஸ். வியாழக்கிழமைதோறும் ஆட வரும் உறுப்பினர்களுக்கு கேசினோ சும்மா தரும் பரிசுகளுக்கும் வரி உண்டா என்று கேட்டு வைத்தேன். உண்டு என்று சொல்லி, அந்த வருஷம் கிடைத்த ஏர் ஃப்ரையரையும் கணக்கில் எழுதிக்கொண்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆனால் அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பதினோரு வருஷத்து வியாழக்கிழமைப் பரிசுகள் எங்கள் கராஜில் பெட்டி பிரிக்காமல் கிடந்தன. ஆளுக்கொரு உறுப்பினர் அட்டை, அதனால் எல்லாமே இரண்டிரண்டு. சனிக்கிழமை கதவைத் திறந்து விற்பனை என்று பலகை வைத்தேன். தெருவே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. எங்கள் ஊர் ஹெண்டர்சனில் எல்லாரும் கேசினோ உறுப்பினர்கள்தான், எல்லார் வீட்டிலும் அதே ஏர் ஃப்ரையர், அதே நிறத்தில் இருக்கிறது. எதிர்வீட்டு மர்லீன் தன்னுடையதில் நாலைக் கொண்டுவந்து, இதையும் சேர்த்துத் தள்ளிவிடு என்று வைத்துவிட்டுப் போனாள்.

"கேசினோவே இல்லாத ஊரு எது?" என்று சலிப்பில் கேட்டேன்.

"யூட்டா" என்றான் ஆரின். பக்கத்து மாநிலம், அங்கே சூதாட்டத்துக்கே தடை. இரண்டு மணி நேரப் பயணம்.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் படகில் அடுக்கி, வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய், அங்கே சந்தையில் படகிலிருந்தே விற்றோம். இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யூட்டாக்காரர்கள் கேட்டார்கள். நான் பேச்சை மாற்றினேன். மதியத்துக்குள் படகு காலி. அப்படியும் வரிக்கு இருநூறு டாலர் குறைந்தது.

அப்போது ஒருவர் படகுக்கே விலை கேட்டார். ஆரின் அதன் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"குடுத்துரலாம் வெர்னா. நீ பட்ட பாடு போதும்."

வண்டியின் பின்சீட்டில் என் சிவப்பு மெஷின் இருந்தது, மாவு பிசைவது. இரண்டு வருஷம் கேசினோவில் ஆடிப் புள்ளி சேர்த்து வாங்கியது. விற்கவும் மனமில்லை, வீட்டில் விட்டுவரவும் மனமில்லை என்று தூக்கி வந்திருந்தேன். போய் எடுத்து வந்து படகின் மேல் வைத்தேன்.

"இதுக்கு இருநூறு. படகு விக்கறதுக்கில்ல" என்று அந்த ஆளிடம் சொன்னேன். அவர் மனைவி அதை வாங்கிக்கொண்டாள். அவள் தூக்கிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரி கட்டியாயிற்று. மே மாதம் ஏரியில் படகை இறக்கினோம். தண்ணீர் நடுவே எஞ்சினை நிறுத்தியதும் கேட்டேன்.

"அன்னைக்கு நான் பணம்னு கத்தினது உன் காதுல விழவே இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன்?"

"பணம்னா அந்த வாரமே திரும்ப கேசினோ சூதாட்ட மெஷின்லயே போட்டிருப்போம். ரெண்டு பேரும்தான்."

இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டு என்றேன். அன்று வியாழக்கிழமை.