பாதி வேகம்

கேற் சுவரில் மோதிய சத்தத்தில் லோஜினியின் கை கணினியிலிருந்து துள்ளியது.

"ஆர் இஞ்ச படம் எடுத்த பிள்ளை?"

லிங்கநகர் வீட்டு வாசலில் நின்றவர் தவராசா. சல்லிக் கடற்கரையில் மீன் பிடிப்பவர். அவர் கையில் போன். அதில் லோஜினி நேற்றுப் போட்ட பாட்டு வீடியோவின் முன்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாடி ஆடிய றிக்சன், பக்கத்தில் இருந்தவன், எழுந்து கதிரைக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"நான்தான் அங்கிள். வந்து இருங்கோ."

"இருக்க வரேல்ல. என்னை இதில இருந்து எடு. அண்டைக்குக் கொழும்பு லொறி வெளிக்கிடப்போகுது எண்டு மீன்பெட்டியோட உயிரை விட்டு ஓடினனான். நீ என்னைக் கடற்கரையில காத்து வாங்கிற ஆள் மாதிரிக் காட்டியிருக்கிறாய். 'என்ன தவராசா, மாப்பிள்ளை நடை நடக்கிறாய், பொம்பிளை எங்க?' எண்டு பொடியள் கேக்கிறாங்கள்." குரல் இறங்கியது. "என்ர மனிசி சொல்லாமல் கொள்ளாமல் கிளிவெட்டிக்குத் தாய் வீட்டை போயிட்டா. அது காணாதெண்டு இது வேற."

மாலைக்குள் பல்கலைக்கழகப் போட்டிக்கு வீடியோவை அனுப்ப வேண்டும். இடையில் வெட்டாமல் நீளமாக எடுத்தது அவர் வரும் அந்தக் காட்சி ஒன்றுதான். பாட்டே அதில்தான் நிற்கிறது. அதை எடுத்தால் நடுவில் பெரிய ஓட்டை விழும்.

லோஜினி பொறுமையாக விளக்கினாள். கரையில் பாட்டை இரட்டை வேகத்தில் போட்டார்கள். றிக்சன் அந்த வேகத்துக்கே வாயசைத்து ஆடினான். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடு பாட்டோடு ஒட்டிக்கொள்ளும்; உடம்பு மட்டும் மிதக்கும்.

"நீங்கள் மட்டும் இல்லை அங்கிள், கடலும் அதில மெதுவாத்தான் அடிக்குது."

"கடலை ஒருத்தனும் நக்கலடிக்க மாட்டான். என்ர வேகத்தில போட்டுக் காட்டு பாப்பம்."

போட்டாள். பாட்டு கீச்சிட்டது. றிக்சன் வெட்டுக்கிளி போலத் துள்ளினான். அவனுக்குப் பின்னால், படகுகளுக்கு முன்னே, தவராசா பெட்டியோடு ஒரே பாய்ச்சலில் கடந்து போனார்.

"இதுதான் நான்!" என்றவர் றிக்சனைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உமக்கு எறும்பு கடிச்சதோ?"

"அது கலை, அங்கிள்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பிடியை விடவில்லை. "எடுத்துவிடு பிள்ளை."

லோஜினி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகான காட்சிதான். ஆனால் அந்த முகம் அவருடையது. வேண்டாம் என்று வாசலில் வந்து நிற்கிறவரை எப்படி அதில் வைத்துக்கொள்வது?

"சரி அங்கிள். வெட்டுறன்."

"லோஜி, விசரோ உனக்கு?" என்றான் றிக்சன்.

அவள் வெட்ட வேண்டிய இடத்தைப் பிடிக்கப் படத்தை மறுபடி பாதி வேகத்தில் ஓட விட்டாள்.

தவராசா குனிந்தார். "பொறு. பின்னுக்குப் போ."

படகின் ஓரத்தில், பயணப் பையோடு ஒரு பெண் நின்றாள். இத்தனை நாளும் றிக்சனின் உதட்டையே பார்த்திருந்த லோஜினி அவளைக் கவனித்ததே இல்லை. தவராசா ஓடி வருகிறார். அந்தப் பெண் கையை உயர்த்துகிறாள். வாய் அசைகிறது. அவர் லொறியையே பார்த்தபடி கடந்து போகிறார். அவள் பின்னாலேயே கொஞ்சத் தூரம் வருகிறாள், மறுபடி வாய் அசைகிறது. பிறகு அந்தக் கை மெல்ல, மிக மெல்ல, இறங்குகிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு றோட்டுப் பக்கம் திரும்புகிறாள்.

இருக்க மாட்டேன் என்ற கதிரையில் தவராசா உட்கார்ந்தார்.

"வெட்டட்டோ அங்கிள்?"

"வெட்டாதை பிள்ளை. மனிசி சொல்லாமல் போயிட்டா எண்டெல்லோ நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறன்."