பன்னிரண்டு ரூபாய்ப் பொய்மீன்

என் புருஷன் சின்னராசுக்குப் பொய் சொல்லவே வராது என்று காவலூரில் எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிற ஒருவரும் அவரோடு குடித்தனம் நடத்தியதில்லை.

ஆனால் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பியிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் சாமைக்காட்டில் என்ன வேலை கிடந்தாலும் ஏரிக்குப் போய்விடுவார். தூண்டில் முள்ளில் தவளையைக் கோர்த்து, நைலான் நரம்பைச் சுழற்றி, கோரை அடர்ந்த இடமாகப் பார்த்து வீசுவார். விரால் அங்கேதான் பதுங்கும். ஒரு வாரம் மீன் வரும். மறுவாரம் நனைந்த லுங்கி மட்டும் வரும். மீன் வந்தால் அது எப்படி இழுத்தது, எப்படி முரண்டியது, எப்படி நழுவப் பார்த்தது என்று சோறு ஆறுகிற வரைக்கும் கதை சொல்வார். வராத நாளில் வாயைத் திறக்கமாட்டார். இரண்டுமே எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் கோபால்சாமி வந்தான். மெட்ராஸில் ஏதோ ஒரு கம்பெனியின் ஏஜெண்டு. மோட்டார் சைக்கிளில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்குள் குட்டிக் குட்டிப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் விரல் நீளத்துக்கு ஒரு தகர மீன். வெள்ளிப் பளபளப்பு, சிவப்புக் கண், வயிற்றுக்கடியில் மூன்று முள். தண்ணீரில் இழுத்தால் உயிருள்ள மீன் போல உடம்பை ஆட்டுமாம். அதை நிஜ மீன் என்று நினைத்து விரால் வந்து கவ்வுமாம். பெட்டியில் இங்கிலீஷில் என்னவோ போட்டிருந்தது. நாங்கள் பொய்மீன் என்று பெயர் வைத்துவிட்டோம்.

அன்றைக்கு இவர் தவளை போட்டு முழங்கை நீளத்தில் ஒரு விராலைப் பிடித்து வைத்திருந்தார். கூழ் கொண்டுபோன நான் கண்ணால் பார்த்தேன். கோபால்சாமி தன் பொய்மீனை அந்த விராலின் வாயில் தொங்கவிட்டு, இவர் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தான்.

"தவளைக்கு மாட்ன மீனுக்கு இதை எதுக்குய்யா மாட்டறே?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு ஷோவுக்குத்தாம்மா. சாருக்கு ஒரு பீஸ் இலவசம்," என்று சிரித்தான். சார் என்றதும் என் வீட்டு மனிதர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அடுத்த மாதமே மலைக்குக் கீழே ஆலங்காயத்தில், தூண்டில் சாமான் விற்கிற பாஷா பாயின் கடை வாசலில் பெரிய நோட்டீஸ் தொங்கியது. விராலும் கையுமாக இவர். கீழே, 'மலையின் விரால் மன்னன் சின்னராசு நம்பும் ஒரே மீன்.' பஸ்ஸில் போய் வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் ஊரில் டெலஸ்கோப் வைத்து வானத்தைப் பார்க்கிற ஆபீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள்கூட இவரை நிறுத்தி விசாரித்தார்கள். வெறுங்கையோடு வீடு திரும்புகிற ஞாயிறு அன்றோடு ஒழிந்தது. வாராவாரம் மீன். அதுவும் பெரிய மீன்.

முதலில் எனக்கும் பெருமைதான். பிறகு ஏதோ இடித்தது. மீன் வந்தது, கதை வரவில்லை. பையை அடுப்படியில் வைத்துவிட்டு நேராகக் கால் கழுவப் போய்விடுவார். விராலோடு மல்லுக்கு நின்றவர் பேசுகிற பேச்சா அது?

ஒரு ஞாயிறு மீனை ஆய்ந்துகொண்டே விளையாட்டாகச் சொன்னேன், "இன்னா மாமா, வாயில முள்ளு கிழிச்ச காயமே காணோம்? தானா வந்து பைக்குள்ள படுத்துக்கிச்சா?"

"சில மீனு உதட்டோரம் மாட்டும்டி. உனக்கு இன்னா தெரியும்," என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. நான் விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்த மீனின் வாயில் ஓட்டை இருந்தது. அழகான ஓட்டை. சுற்றிலும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை, வெளுத்துப்போய்க் கிடந்தது. செத்த மீனைப் பிடித்துவைத்துக் குத்திய ஓட்டை அது. ஊரில் பீற்றிக்கொள்ள ஆம்பிளைகள் ஆயிரம் சொல்வார்கள், போகட்டும். இது எனக்காகப் போட்ட ஓட்டை. என் ஒருத்தியை ஏமாற்றுவதற்காக எங்கேயோ மரத்தடியில் உட்கார்ந்து மெனக்கெட்டுக் குத்தியிருக்கிறார்!

என் புத்தி போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். மீன் கொடுத்தனுப்புகிறவள் ஒருத்தி எங்கேயாவது இருக்கிறாளோ என்றுகூடப் போனது. புளி விற்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆலங்காயத்துக்குப் பஸ் ஏறினேன்.

பாஷா பாய் நல்ல மனிதர். தெரிந்த பொம்பளை வந்தால் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். நான் நோட்டீஸைக் காட்டி, "இது நெஜமாவே மீன் பிடிக்குதா பாய்?" என்று கேட்டேன்.

"அந்த நோட்டீஸ்ல இருக்கறது உங்க வூட்டுக்காரருங்கம்மா. நீங்க என்னைக் கேக்கறீங்களே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியாதுங்க. வாணியம்பாடி தகரக்காரர் ஒருத்தர் இதே மாதிரி செய்வாரு, ரெண்டு ரூபா. அதோ, தூசி புடிச்சுக் கிடக்குது. கம்பெனி மீனையும் நான் மொதல்ல ஆறு ரூபாய்க்குத்தாங்க வெச்சேன். ஒரு ஆளு தொடல. அந்த ஏஜெண்டு வந்து, வெலைய ரெட்டிப்பாக்குங்க பாய்னாரு. பைத்தியமான்னு நெனச்சேன். பன்னெண்டுன்னு எழுதிப் போட்டேன், கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டுங்கன்னாரு, பூட்டினேன். அன்னையிலேர்ந்து மலையிலேர்ந்து எறங்கறவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. உங்க தம்பிகூட ஒண்ணு வாங்கிட்டுப் போனாரே."

அர்ச்சுனன்! என் கூடப்பிறந்தவன், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவன். பன்னிரண்டு ரூபாய் என்பது அவனுக்கு எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். ஏண்டா ரெண்டு ரூபாய் மீனை வாங்கக்கூடாதா என்று பின்னால் கேட்டதற்கு, "ரெண்டு ரூபாய்க்கு விக்கறது எப்படிக்கா மீன் புடிக்கும்?" என்றான். வாங்கினவன் ஒரு நாளாவது அதைக் கோரைக்குள் வீசியிருப்பான் என்றா நினைக்கிறீர்கள்? கோரையில் சிக்கி அறுந்தால் பன்னிரண்டு ரூபாய் போச்சு. ஏரி நடுவே வெட்டவெளித் தண்ணீரில் போட்டு, கல்யாணப் பெண்ணை அழைத்துவருகிற மாதிரி பதமாக இழுத்துக்கொண்டிருந்தான். அங்கே விரால் எதற்கு வரும்?

பாய் கடையிலிருந்து மீன் சந்துக்குப் போனேன். அங்கே விரால் விற்கிறவள் பாஞ்சாலை ஒருத்திதான். எனக்குப் பாட்டி வயதுக்காரி, வாயில் பல் இல்லை. அவளைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது. நான் யார் என்று சொல்லாமல் பெரிய விரால் ஒன்று கேட்டேன்.

"பெருசு கெடைக்காதும்மா. நோட்டீசுல கீறாரே, காவலூராரு, அவரு ஞாயித்துக்கெழமையானா எடுத்துக்குவாரு. யாராண்டயும் சொல்லாதேன்னு சொல்லிக் கீறாரு," என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த வெள்ளிக்கெழமைக்கும் ஒண்ணு எடுத்துவெக்கச் சொன்னாரு. அம்மனுக்காம்."

இறங்கிய பாதி பாரம் அப்படியே திரும்பி ஏறிக்கொண்டது.

எங்கள் ஏரி நிரம்பி வழிகிற வருஷத்தில், வழிந்ததற்குப் பின்னால் வரும் வெள்ளியன்று கரையம்மனுக்கு மீன் குழம்பு வைத்துப் படைப்போம். அந்த மீன் எங்கள் ஏரி மீனாக இருக்கவேண்டும். வலையில் விழுந்தது ஆகாது, தூண்டிலில் ஏறியதாக இருக்கவேண்டும். கடை மீன் என்கிற பேச்சுக்கே இடமில்லை. அந்த வருஷம் மீன் கொண்டுவருகிற பொறுப்பை ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரி இவரிடம்தான் கொடுத்திருந்தார். விரால் மன்னன் இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பார்?

என்னை ஏமாற்றியதை எப்படியோ விழுங்கிக்கொள்ளலாம். அம்மன் பானைக்குள்ளும் சந்தை மீனைப் போடத் துணிந்துவிட்டாரே, இந்த மனிதரை இனி எந்த விஷயத்தில் நம்புவது?

வியாழக்கிழமை சாயங்காலம் அவராகச் சொல்லிவிட ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். "நாளைக்கு மீனு கெடைக்குமா மாமா? கெடைக்கலன்னா கவுண்டர்கிட்ட சொல்லிடு. தப்பில்ல."

"அதான் கம்பெனி மீனு கீதே. காலையில கெளம்பி ஏரிக் கோடிக்குப் போறேன். கூட யாரும் வரவேணாம், சத்தத்துல மீனு ஓடிடும்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நானும் சும்மா இருக்கவில்லை. கவுண்டர் வீட்டு அம்மாளிடம் போய், விரால் மன்னன் அம்மனுக்கு மீன் பிடிப்பதை ஊரே பார்க்கவேண்டாமா, ஆலங்காயத்தில் வந்து தங்கியிருக்கிற அந்தக் கம்பெனிக்காரனையும் வரச்சொன்னால் என்ன என்று காதில் ஊதிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நழுவப் பார்த்தபோது, மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. தீர்த்தகிரி மாலை போட்டார். இவர் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல ஆனது. என்னைப் பார்த்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கரை முழுக்க ஜனம். கோபால்சாமி தன் பெட்டியோடு முன்வரிசையில் நின்றான். இவர் வெட்டவெளித் தண்ணீரில் வீசினார், இழுத்தார். மறுபடி வீசினார். ஒன்றும் இல்லை. தவளையால் பிடிக்கிற மனிதர் கோரைப் பக்கமே திரும்பவில்லை. இத்தனை பேர் முன்னால் நோட்டீஸ் மீன் அறுந்துபோனால் மானம் போய்விடும் என்ற பயம். வெயில் ஏற ஏறக் கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது.

எனக்குப் பொறுக்கவில்லை. "கோரைக்குள்ள போடு மாமா!" என்று கத்தினேன்.

"ஐயோ மச்சான், மாட்டிக்கும்! பன்னெண்டு ரூபா!" என்று அர்ச்சுனன் அதைவிடப் பெரிதாகக் கத்தினான்.

"மாட்டட்டும், அறுந்து போவட்டும்! அங்க போடு!"

அறுந்துபோகவேண்டும் என்றுதான் நான் நினைத்தேன், சத்தியமாக. அறுந்தால் அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியாகவேண்டும். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கோரைக்கு நடுவே வீசினார். பொய்மீன் தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், தண்ணீர் வெடித்தது. நரம்பு கையை அறுத்தது. இவர் முழங்கால் சேற்றில் இறங்கி, விழுந்து, எழுந்து, இழுத்துக் கரையில் போட்டார். அப்பேர்ப்பட்ட விராலை அந்த ஏரியில் நான் அதுவரை பார்த்ததில்லை.

குலவை கிளம்பியது. மேளம் அடித்தது. மீன் துடிப்பு அடங்குவதற்குள் கோபால்சாமியின் பெட்டி காலியாகிவிட்டது. அர்ச்சுனன் இன்னொன்று வாங்கினான், இருக்கிற ஒன்றையே இன்னும் கோரைக்குள் போடாதவன். இனி நான் சந்தைக் கதையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கம்பெனிக்காரன் சொன்ன பொய்யை ஏரியே நிஜமாக்கிக் கொடுத்துவிட்டது. அம்மன் பானைக்கு நல்ல மீன் போனதில் எனக்கும் உயிர் வந்தது, அது வேறு.

வீட்டுக்குத் திரும்பும்போது இவர் மாலையைக் கழற்றவே இல்லை. பழையபடி கதை பேசிக்கொண்டு வந்தார். எப்படி இழுத்தது, எப்படி முரண்டியது. கேட்க ஆசையாகத்தான் இருந்தது. இப்போது சொல்லிவிடுவார், இந்தச் சந்தோஷத்திலாவது சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தேன். அவரோ என் தோளைத் தட்டி, "பாத்தியாடி? காயம் இல்ல, அது இல்லன்னு சந்தேகப்பட்டியே. வாராவாரம் இப்படித்தான் புடிக்கறேன்," என்றார்.

"சரி மாமா. பாஞ்சாலை இன்னிக்கு மீனை எடுத்துவெச்சுட்டுக் காத்துனு இருப்பா. பஸ்ஸு கீது, போய் வேணாம்னு சொல்லிட்டு வா," என்றேன்.

அவர் அங்கேயே நின்றுவிட்டார். நான் நிற்கவில்லை.

பிறகு அழுதார், காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார், நோட்டீஸைக் கிழித்துப்போடச் சொல்லிப் பாய்க்கு ஆளனுப்பினார். அதற்கப்புறம் அவர் ஒரு பொய்யும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் உள்ளே இருந்துகொண்டு, "அம்சா, மழை வருது, துணியை எடு," என்று அவர் குரல் கொடுத்தால், நான் வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் கை வைக்கிறேன்.